பழகிய முகம்: அதிர்ச்சியைச் சுமக்கும் கர்ப்பிணியோடு பத்து மாதம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் தீவாகிப்போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் பயணிகளோடு அங்கேயே நின்றுவிட, அதிலிருந்த கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டுச் சென்றது. மீட்பு செய்தியானது. அந்த இரவை மொட்டை மாடியில் கைக்குழந்தையோடு கழித்த பெண், அடுத்த பிள்ளை வயிற்றிலிருக்கும்போது வானம் இருட்டினால் என்ன ஆகிறார் என்பதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. இந்தக் கரையில் அப்படிக் கேட்க வேண்டியவை இன்னும் பல உண்டு. 2018 மே 22-இலும் மறுநாளும் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். 2004 சுனாமியின்போது சிறுமிகளாக இருந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனாலும் சங்கு குளிப்பு இன்றும் நடக்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் ஒவ்வொரு மீனவர் தெருவிலும் உண்டு. தாப்பாத்தி போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் போரைக் கண்ட தாய்மார்களும் அவர்களின் மகள்களும் வாழ்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பரவலானது, செய்தியாகாமல் வீட்டுக்குள்ளேயே நடப்பது: 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள்.

அதிர்ச்சிக்கு ஆளான எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் கடந்தும் அந்த நிகழ்வு மனதில் ஓயாமல் திரும்ப வந்தால், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் அவர் தவிர்த்தால், உடல் எப்போதும் உஷாராகவே இருந்தால், தன்மீதும் பிறர்மீதும் நம்பிக்கை அற்றுப்போனால், அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்கிறார்கள். 1980-இல்தான் மனநல மருத்துவம் இதற்குத் தனி நோயாக இடம் கொடுத்தது. நம் கரையோரத்துப் பெண் இந்தப் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு வரமாட்டார். “நெஞ்சு படபடங்குது சிஸ்டர்”, “ராத்திரி திடுக்குன்னு முழிப்பு வந்துருது”, “அந்தப் பக்கம் போனாலே கை காலு உதறுது” என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் ஸ்கேன் எடுக்க வராமல் நின்றுவிடுவார். பதிவேட்டில் அது ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று ஏறிவிடும். கர்ப்பத்தில் படபடப்பும் தூக்கமின்மையும் சகஜம் என்பதால் உண்மையான நோய் அதற்குள் மறைந்துகொள்கிறது. இரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்து விலக்கிய பிறகும் படபடப்பு நீடித்தால், காரணத்தை மனதிலும் தேட வேண்டும்.

கர்ப்ப காலத்தில் இதை ஏன் தனியாகக் கவனிக்க வேண்டும்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பின் கீழ் நடந்த 16,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் இந்த நோய் செயலில் இருந்த பெண்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம் கூடுதல் என்று கண்டது. அந்தப் பெண்களின் வாழ்க்கையும் உப்பளத்தில் வெயிலில் நிற்கும் நம் பெண்ணின் வாழ்க்கையும் வேறு. அதே எண்ணை இங்கே பொருத்திப் பேச முடியாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் இன்னொரு வழியும் உண்டு. பயந்த பெண் பரிசோதனையைத் தவிர்க்கிறார். தவிர்த்த பரிசோதனையில் பிடிபடாத இரத்த அழுத்தம் எட்டாம் மாதத்தில் வலிப்பாக வெளிப்படுகிறது.

இந்த அத்தியாயம் முன்வைக்கும் வாதம் ஒன்றே. இந்தப் பெண்களுக்கு நாம் தரக்கூடிய முதல் சிகிச்சை, முதல் பதிவிலிருந்து பிரசவம் வரை ஒரே செவிலியர் உடனிருப்பது. கேள்வித்தாள், ஆலோசகர், மாத்திரை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தை வெள்ளம் தாக்கியபோது கர்ப்பிணிகளாக இருந்த பெண்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சிலருக்குத் தொடக்கம் முதல் ஒரே மருத்துவச் செவிலியர் பொறுப்பு. மற்றவர்களை அன்றன்று பணியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிரசவமாகி ஆறு வாரத்தில் பார்த்தால், மாறி மாறிப் பார்க்கப்பட்டவர்களிடம் வெள்ளத்தின் பாதிப்பு கூடக் கூட மனச்சோர்வும் கூடியிருந்தது. ஒரே செவிலியரிடம் இருந்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. அந்த ஆய்வு அளந்தது மனச்சோர்வையும் பதற்றத்தையும்தான், அதிர்ச்சி நோயை அல்ல. என்றாலும் வெள்ளம், கர்ப்பம், பழகிய செவிலியர் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராய்ந்த இதைவிட நெருக்கமான சான்று நமக்குக் கிடைப்பது அரிது. அதிர்ச்சி முதலில் உடைப்பது நம்பிக்கையை. ஆறு முறை ஆறு பேரிடம் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வைக்கும் அமைப்பு அதை மறுபடி உடைக்கிறது.

ஆஸ்திரேலியா இதைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கொரு கிராம சுகாதாரச் செவிலியர், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எனும் கர்ப்பப் பதிவு எண், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியைப் பெறுவதற்காகத் தவறாமல் நடக்கும் வருகைகள். மாநிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. உலகின் பல நாடுகளில் அதிர்ச்சியுற்ற கர்ப்பிணியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இங்கே அவர் மாதாமாதம் நம் எடை மெஷினில் ஏறி இறங்குகிறார்.

“நர்ஸம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை, இதையும் தலையில் கட்டலாமா?” என்ற மறுப்பு நியாயமானது. கணக்கைப் பார்ப்போம். 2020-இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 14. அந்தக் கணக்கில், 5,000 பேருள்ள பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 70 பிரசவங்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வு, கர்ப்பிணிகளில் பொதுவாக 3.3 சதவீதம் பேருக்கும், ஆபத்துச் சூழலில் உள்ளவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கும் இந்த நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அப்படியானால் அமைதியான ஆண்டில் ஒரு செவிலியரிடம் இரண்டு மூன்று பெண்கள். வெள்ளமோ கலவரமோ கடந்த பகுதியில் பதின்மூன்று பேர் வரை. எழுபது பேருக்கும் கூடுதலாக அரை மணி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. எழுபது பேரிடமும் இரண்டு நிமிடக் கேள்வி. அதில் தெரியவரும் சிலருக்கு மட்டும் கூடுதல் நேரம். பணியிடம் காலியாக இருப்பதும் இடமாறுதலும் செவிலியரின் கையில் இல்லை, அது அரசு தீர்க்க வேண்டியது. மாறிப் போகும் செவிலியர் அந்தச் சிலரின் வீட்டுக்குப் புதியவரை ஒருமுறை நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்தலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.

கேட்பதில் முதல் நிபந்தனை தனிமை. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்ட கேள்விக்கு வந்த ‘ஒண்ணுமில்ல’வைப் பதிலாகக் கொள்ளாதீர்கள். சிறுநீர் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் அந்த இரண்டு நிமிடம்தான் பெரும்பாலான துணை நிலையங்களில் கிடைக்கும் ஒரே தனிமை; அதைப் பயன்படுத்துங்கள். பொதுவான பேச்சிலிருந்து தொடங்குங்கள்: “இந்தப் பக்கம் வெள்ளம், கடல்ல உயிர்ச்சேதம்னு நிறையப் பேரு கஷ்டப்பட்டிருக்காங்க. சிலருக்கு வீட்டுக்குள்ளயே கஷ்டம் இருக்கும். முந்தின பிரசவமே சிலருக்குப் பயமா ஆகிப்போயிருக்கும். அப்படி எதுவும் உங்கள இன்னும் தொந்தரவு பண்ணுதாம்மா? சொல்லணும்னு கட்டாயம் இல்ல.” ஆமாம் என்றால், போன ஒரு மாதத்தில் கெட்ட கனவு, அதைத் தவிர்க்க ஓடுவது, சதா உஷாராக இருப்பது, எதிலும் ஒட்டாமல் மரத்துப்போவது, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆமாம் என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உயிரை விடலாமென்று தோன்றியதுண்டா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே அனுப்புங்கள். முந்தைய பிரசவத்தைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். குழந்தை இறந்து பிறந்தது, மயக்கத்தில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனது, பிரசவ அறையில் கையோங்கித் திட்டியது ஆகியவையும் சுனாமிக்குச் சமமான அதிர்ச்சியாக ஒரு பெண்ணின் உடலில் தங்கிவிடும்.

“ஆறின புண்ணைக் கிளறிவிட்டால்?” என்ற அச்சம் பல மருத்துவர்களுக்கே உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நடந்ததை ஒரே அமர்வில் முழுதாகச் சொல்ல வைத்து மனதைக் காலி செய்யும் முறை ஒருகாலத்தில் பேரிடர் முகாம்களில் பரவலாக இருந்தது. அதைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்துகிறது. எனவே விவரம் கேட்காதீர்கள். யார், எப்படி, எத்தனை முறை என்று தோண்ட வேண்டியதில்லை. இன்று அது உங்களை எப்படித் தொல்லை செய்கிறது, எது வந்தால் கூடுகிறது, எது இருந்தால் குறைகிறது என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்பது புண்ணைக் கிளறுவதாகாது. கேட்காமல் விட்டால் அவர் தனியே கிளறிக்கொண்டுதான் இருப்பார். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கும்போது அதன் எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: 18 வயதுக்கு உட்பட்ட பெண் என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். பின்னால் தெரியவந்தால் நம்பிக்கை ஒரேயடியாகப் போய்விடும். கர்ப்பிணியின் அட்டையில் ‘மனநோய்’ என்று எழுதாதீர்கள். அந்த அட்டையை வீட்டில் நான்கு பேர் புரட்டுவார்கள். துணை நிலையத்துப் பதிவேட்டில் உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும் புரியும் ஒரு குறி போதும்.

இனி கையால் செய்யும் வேலை. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். பெண் மல்லாந்து படுத்திருக்கிறார், சேலை விலகியிருக்கிறது, தலைமாட்டில் நின்று ஒருவர் குனிகிறார்: பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு இந்தக் கோணமே போதும், உடல் விறைத்துவிடும். பக்கவாட்டில், அவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “மேல் வயித்துல கை வைக்கப் போறேன்… இப்ப பக்கத்துல… பிள்ளையோட முதுகு இந்தா இருக்கு” என்று ஒவ்வொன்றையும் செய்யும் முன் சொல்லுங்கள். ‘போதும் சிஸ்டர்’ என்றால் நிறுத்திவிடுவேன் என்று முதலிலேயே சொல்லி, சொன்னதும் உண்மையாகவே நிறுத்துங்கள். ஒருமுறை நிறுத்திக் காட்டிய செவிலியரை அந்தப் பெண் பிறகு எதற்கும் அனுமதிப்பார். ஸ்கேன் அறையின் இருட்டும் வயிற்றில் சில்லென்று விழும் ஜெல்லும், இரும்புச்சத்து ஏற்றும்போது கையைக் கட்டுவதும் அப்படித்தான்; முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதிர்ச்சி பாதியாகும். முதல் அளவீட்டில் இரத்த அழுத்தம் ஏறியிருந்தால், கால்மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். இரண்டாவதும் ஏறியிருந்தால் பயத்தைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். கண் நிலைகுத்தி, பேச்சு நின்று, பழைய இடத்துக்கே அவர் போய்விட்டதாகத் தெரிந்தால் உலுக்க வேண்டாம். பெயர் சொல்லி அழைத்து, “இங்க பாருங்கம்மா, நீங்க சப்சென்டர்ல இருக்கீங்க, நான் உங்க நர்ஸு, காலு தரையில இருக்கு பாருங்க” என்று நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். 2018-இல் குண்டடிபட்டவர்களையும் இறந்தவர்களையும் கொண்டுவந்தது தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குத்தான். அதைப் பார்த்த பெண்ணுக்கு அந்த வாசலும் காக்கி உடுப்பும் ஆம்புலன்ஸ் சத்தமும் வேறு பொருள் தரும். பிரசவத்துக்கு முன்பே ஒருநாள், வலியில்லாத நேரத்தில், உடன் போய் பிரசவ வார்டைக் காட்டிவிட்டு வருவது மிகப் பெரிய உதவி.

ஒரே செவிலியர் என்ற ஏற்பாட்டை நம் வழக்கம் ஒன்றே குலைக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் கிளம்பிவிடுகிறார். புன்னைக்காயலில் ஆறு மாதம் பழகியவர் வேம்பாரில் புது முகத்தைப் பார்க்கிறார், அதுவும் பிரசவ பயம் கூடும் நேரத்தில். தாய்வீட்டுக்குப் போவதைத் தடுக்க நினைக்க வேண்டாம். பலருக்கு அதுவே பாதுகாப்பு, கணவர் வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு நிச்சயமாக அதுதான். போவதற்கு முந்தைய வருகையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த ஊர் செவிலியருக்கு போன் போடுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். “தலைமாட்டுல நிக்காதீங்க, கைய வைக்கும் முன்ன சொல்லிருங்க” என்ற அளவு போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிறகும் வாரம் ஒரு முறை நீங்களே அவரிடம் பேசுங்கள்.

இது நிபுணர் வேலை, செவிலியருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்குப் பதில் ராவல்பிண்டியில் இருக்கிறது. அங்கே கிராமப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய மனப்பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து, மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகளிடையே நடத்திய சோதனை 2008-இல் வெளியானது. பிரசவமாகி ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றோர் பார்த்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பு பெற்றோரில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. ஆனால் அதிர்ச்சி நோய் முற்றியவர்களுக்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர் தரும் சிகிச்சை அவசியம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமோ மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவிடமோ அனுப்புங்கள், முதல் முறை கூடவே போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்து அனுமதிக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர், உண்டானது தெரிந்ததும் வீட்டார் சொல் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார். நோய் பலமாகத் திரும்புகிறது. செர்ட்ரலின் போன்றவற்றை மருத்துவர் மேற்பார்வையில் கர்ப்பத்திலும் தொடர முடியும். வால்புரோயேட் சாப்பிடுபவரோ தாமதமின்றி மருத்துவரைப் பார்த்து மாற்ற வேண்டும். இரண்டாவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை. அதிர்ச்சிக்கு அது மருந்தாகாது.

“கடல்புறத்து ஜனங்க இதையெல்லாம் தாங்கிப் பழகினவங்க, சாமியார் ஜெபிச்சா சரியாகும், ஓதித் தண்ணி குடிச்சா தெளியும்” என்று வீட்டில் சொல்வார்கள். இதோடு சண்டை போடத் தேவையில்லை. ஜெபமும் தர்காவும் கோயிலும் அந்தப் பெண்ணைத் தனிமையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் நல்லதே. பங்குத்தந்தையும் பள்ளிவாசலும் மனது வைத்தால் நீங்கள் நூறு வீட்டுக்கு நடந்து சொல்வதை ஒரு வெள்ளிக்கிழமையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ சொல்லிவிட முடியும். பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடிப்பது, பட்டினி போடுவது, பரிசோதனைக்கு விடாமல் தடுப்பது என்று வந்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘தாங்கிப் பழகியவர்கள்’ என்பதை நான் ஏற்கவில்லை. தாங்கியவர்கள் யாரிடமும் சொல்ல வழியில்லாமல் தாங்கினார்கள். அவர்கள் நலமாக இருந்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

ஏழாம் மாதத்துக்குள் பிரசவத் திட்டம் ஒன்றை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். துணைக்கு யார் உள்ளே வருவார், உள் பரிசோதனையை யார் செய்தால் அவருக்குத் தேவலை, எந்தச் சொல், எந்தச் சத்தம் அவரைக் கலங்கடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதிர்ச்சி நடந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மே 22-ஐயோ டிசம்பர் 17-ஐயோ ஒட்டிப் பிரசவத் தேதி வருபவரை அந்த வாரத்தில் போய்ப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன், தாழ்வான தெருக்களில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு எந்த வண்டி, எந்த வழி, யார் வீடு என்று முடிவு செய்து சொல்லிவிடுங்கள். வெள்ளத்தைப் பார்த்தவருக்கு, தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்பதே தூக்கத்தைத் தரும்.

கடைசியாக, 14416 என்ற எண்ணை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கொடுங்கள். கட்டணமில்லாமல் எந்நேரமும் தமிழில் பேசும் மனநல உதவி எண் அது. வீட்டில் வன்முறை என்றால் 181, உடல் ஆபத்து என்றால் 108. எழுதிக் கொடுக்கும் முன், வீட்டில் கைபேசி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அது கணவரிடமோ மாமியாரிடமோ இருந்தால், துணை நிலையத்து போனிலிருந்து, கதவைச் சாத்திவிட்டு, அவரைப் பேச விடுங்கள்.